‘தானாகவே கற்றுக்கொள்ளும் ரோபோ’வுக்கு முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் கணினி இயக்கும் இரண்டு கடைசல் இயந்திரங்களை (சிஎன்சி லேத்) வைத்துப் பம்பு ஷாஃப்டுகள் கடைந்து கொடுக்கிறேன். இரவு ஷிஃப்டுக்கு ஆள் நிற்பதில்லை. ஜாப்பை, அதாவது கடைய வேண்டிய துண்டை, லேத்தில் மாட்டிக் கழற்றுவதற்கு, வெளிநாட்டில் சில காலமே ஓடிய ரோபோ கை ஒன்றை 14 லட்சம் ரூபாய்க்குத் தருவதாக ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். அது செயற்கை நுண்ணறிவு கொண்டதாம். ஆபரேட்டர் வேலை செய்வதை மூன்று நாள் பார்த்தால் தானாகவே கற்றுக்கொள்ளுமாம். பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார். வாங்கலாமா, ஐயா?

பதில்: இந்த முறையில் வாங்காதீர்கள். ரோபோ கை உங்கள் பட்டறைக்கு உதவும். ஆனால் உங்களுக்குத் தேவைப்படுவது ஒன்று, அவர் விலை சொல்வது வேறொன்று.

குறித்த இடத்தில் இருக்கும் பொருளை எடுத்துக் குறித்த இடத்தில் வைப்பதற்கு நுண்ணறிவு எதுவும் தேவையில்லை. 1961இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் நிறுவப்பட்ட யூனிமேட் என்ற கை, அச்சில் வார்த்த சூடான பாகங்களை எடுத்து வைத்தது. அதற்குக் கண்ணும் கிடையாது, யோசனையும் கிடையாது, சொல்லிக்கொடுத்த அசைவுகளை நினைவில் வைத்துத் திரும்பத் திரும்பச் செய்தது. 1966 முதல் 1972 வரை கலிஃபோர்னியாவில் உருவான ஷேக்கி என்ற ரோபோவோ, கேமராவால் அறையைப் பார்த்துத் தன் வழியைத் தானே திட்டமிட்டது. ஆயினும் அது ஆய்வகத்தோடு நின்றுவிட்டது. பார்த்து அறிகிற திறன் பெருமளவு கூடியது, 2012க்குப் பிறகு கணினிகள் படங்களை அடையாளம் காண்பதில் கண்ட பாய்ச்சலுக்கு அப்புறம்தான். உங்கள் ஷாஃப்ட் வேலை யூனிமேட் காலத்திலேயே தீர்ந்துவிட்ட வேலை. அதற்குப் புதிய திறனின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

மூன்று நாளில் கற்றுக்கொள்ளும் என்பது உண்மைக்குப் புறம்பானது. 2022இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆர்டி-1 என்ற அமைப்புக்காக, 13 ரோபோக்களைக் கொண்டு 17 மாதங்களில் ஏறத்தாழ 1,30,000 செயல்விளக்கங்களைச் சேகரித்தார்கள்; அவ்வளவும் பொருள்களை எடுப்பது, வைப்பது, இழுப்பறையைத் திறப்பது போன்ற சாதாரண வேலைகளுக்காக. உங்களுக்கு விற்கப்படும் கையில் நடக்கப்போவது, ஒருவர் டீச் பெண்டன்ட் என்ற கையடக்கக் கட்டுப்பாட்டுப் பலகையைப் பிடித்து, கை போக வேண்டிய இடங்களைப் புள்ளி புள்ளியாகப் பதிவுசெய்வது. அது நல்ல முறை, நம்பகமான முறை. அதற்குச் செயற்கை நுண்ணறிவு என்று பெயர் வைத்துப் பணம் பறிப்பதைத்தான் நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன்.

இனிப் பழைய கையைப் பற்றி. இந்த நகரத்தில் இடைத்தரகர்கள் அதிகம் ஏமாற்றுவது இங்கேதான். பளபளப்பாக வண்ணம் பூசிய கை வந்து இறங்கும். அதை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியான கண்ட்ரோலர் வராது, அல்லது வேறு மாடலின் கண்ட்ரோலர் வரும். டீச் பெண்டன்ட் தனி விலை என்பார்கள். உள்ளே இருக்கும் சிறு பேட்டரிகள் தீர்ந்திருந்தால், கை தன் மூட்டுகளின் தொடக்க நிலையை மறந்துவிடும். அதை மீட்டெடுக்கத் தெரிந்தவர் வந்தாக வேண்டும். பல கைகள் 200 வோல்ட் மும்முனை மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டவை. உங்கள் பட்டறையின் 415 வோல்ட்டுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்பதை விற்ற பிறகுதான் சொல்வார்கள். எனவே கையின் மீதும் கண்ட்ரோலரின் மீதும் உள்ள வரிசை எண்களைப் படமெடுத்து, தயாரித்த நிறுவனத்தின் இந்தியக் கிளைக்கு அனுப்பி, உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறதா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். எண்ணைக் காட்ட மறுக்கும் ஏஜென்டோடு மேற்கொண்டு பேச வேண்டாம்.

உங்கள் லேத்தின் கதவு தானாகத் திறக்குமா, ஜாப்பைப் பிடிக்கும் சக், எண்ணெய் அழுத்தத்தில் தானாக இறுகித் தளரும் ஹைட்ராலிக் வகையா என்பதையும் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், கை வாசலில் காத்து நிற்கும். அந்த மாற்றங்களுக்கான செலவு எந்தக் கொட்டேஷனிலும் இருக்காது. மனிதரோடு சேர்ந்து இயங்கும் வகை என்பதால் வேலி வேண்டாம் என்றும் சொல்வார்கள். கடைந்து முடித்த ஷாஃப்டின் பிசிறு கத்திபோல வெட்டும். வேலி போடுங்கள்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் பார்த்து அறிகிற ரோபோவுக்குப் பணம் கொடுப்பது நியாயம். ஜாப்புகள் தட்டில் அடுக்கப்படாமல், தொட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து வருகிற நிலை அது. குவியலிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுப்பது உண்மையிலேயே கடினமான வேலை. அமேசான் நிறுவனம் அலமாரியிலிருந்து பொருள்களை எடுக்கும் ரோபோக்களுக்கென்றே 2015இல் போட்டி நடத்தியது, முதலாண்டு பெர்லின் குழுவும் அடுத்த ஆண்டு டெல்ஃப்ட் குழுவும் வென்றன. உங்கள் நிலை இதுவானால், முதலில் மூலப்பொருள் தருபவரிடம் தட்டில் அடுக்கித் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால், விற்பவரை உங்கள் பட்டறைக்கே வரவழைத்து, எண்ணெய் படிந்த உங்கள் ஜாப்புகளை உங்கள் குழல்விளக்கின் கீழ் எடுத்துக்காட்டச் சொல்லுங்கள். மேலே கிடப்பதை எந்தக் கையும் எடுக்கும். தொட்டியின் மூலையில் சாய்ந்து கிடக்கும் கடைசி நான்கைந்தை எடுக்கிறதா, இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தால் கண்டுபிடிக்கிறதா என்று பாருங்கள். தும்கூர் சாலைக் கண்காட்சியில், துடைத்துவைத்த பாகங்களை வைத்து ஆட்டிக்காட்டுவதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

மளிகைக் கடைத் தராசுக்கு முத்திரை வைக்க அதிகாரி வருகிறார். பல லட்சம் ரூபாய் ரோபோவை விற்பவரிடம், சொன்ன வேலையை அது செய்கிறதா என்று கேட்க யாரும் வருவதில்லை. வங்கியோ கொட்டேஷனும் கேட்லாக்கும் இருந்தால் கடனைக் கொடுத்துவிடுகிறது. இயந்திரம் இறங்கியதும் பணம் விற்பவருக்குப் போய்விடுகிறது, ஓடாத இயந்திரமும் மாதத் தவணையும் உங்களிடம் தங்கிவிடுகின்றன. சிறு பட்டறைக்காரர்களை இப்படிக் கைவிடுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஆகவே காவலை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். முன்பணம் சிறு பங்குக்கு மேல் போகக் கூடாது. பெரும்பகுதி, உங்கள் லேத்தில் உங்கள் ஷாஃப்டை ஒரு முழு இரவு ஷிஃப்ட் தடையின்றி மாட்டிக் கழற்றிய பிறகு கொடுக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதி, வங்கிக்கும் அதன் நகலைக் கொடுங்கள். கண்ட்ரோலரின் கடவுச்சொல்லும் புரோகிராமின் பிரதியும் உங்கள் கைக்கு வரும்வரை கடைசித் தவணையை விடாதீர்கள். இல்லையெனில் ஒரு புள்ளியை மாற்றக்கூட ஒவ்வொரு முறையும் அவரையே அழைத்துக் கட்டணம் கட்ட நேரும்.