மலைப் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்குப் போகுமுன் எந்தத் தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொள்வது?

கேள்வி: ஊட்டியில் பி.எட். முதலாண்டு, அறிவியல். அடுத்த ஆண்டு அரசுப் பள்ளியில் 16 வாரம் கற்பித்தல் பயிற்சி இருக்கிறது. ஸ்மார்ட் கிளாஸ், ஆப், ஹை-டெக் லேப் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

பதில்:

ஆப்களிலிருந்து தொடங்காதீர்கள். பாடப்புத்தகத்தில் ஒரு பாடத்தைத் திறந்து, கரும்பலகையால் காட்ட முடியாத இடம் எது என்று முதலில் தேடுங்கள். இலையின் பாகங்களைச் சாக்பீஸால் வரைந்துவிடலாம். வாசலுக்குப் போனால் இலையே கிடைக்கும். இலைத்துளை திறந்து மூடுவதை வரைந்து காட்ட முடியாது. அந்த ஐந்து, எட்டு நிமிடத்துக்குத்தான் திரை. 45 நிமிடப் பாடவேளை முழுவதும் வீடியோ ஓடினால் பிள்ளைகள் அமைதியாக இருப்பார்கள். கற்றார்களா என்பது உங்களுக்குத் தெரியாது.

பி.எட். பாடத்தில் 'டிபேக்' (TPACK) என்ற சட்டகம் வரும். புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006-ல் முன்வைத்தது. பாட அறிவு, கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம் என்ற மூன்று வட்டங்களைத் தேர்வுக்கு வரைந்து பழகுவீர்கள். அவற்றைச் சுற்றிப் புள்ளிக்கோட்டில் 'சூழல்' என்று இன்னொரு பெரிய வட்டம் இருக்கும். பலர் அதை வரைய மறந்துவிடுகிறார்கள். நீலகிரியிலும், கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரிலும் வேலை செய்யப் போகிறவருக்கு அந்தப் புள்ளிக்கோட்டு வட்டம்தான் முதல் பாடம். உயரம், குளிர், மழை, மின்வெட்டு, சிக்னல், பிள்ளைகளின் வீட்டு மொழி எல்லாம் அதற்குள் இருக்கின்றன.

புரொஜெக்டரை எடுத்துக்கொள்வோம். உயரம் கூடக்கூடக் காற்று மெலிகிறது. மெலிந்த காற்று வெப்பத்தைக் குறைவாகவே இழுத்துப் போகும். அதனால் வெளியே குளிர் நடுக்கும்போதுகூட உள்ளே சூடேறி, புரொஜெக்டர் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடலாம். பழுது என்று நினைத்து மூட்டை கட்டி வைத்துவிடுவார்கள். மெனுவுக்குள் 'ஹை ஆல்டிட்யூட்' என்றோ 'ஃபேன் மோட்' என்றோ ஒரு தெரிவு இருக்கும். அதை இயக்கினால் விசிறி வேகமாகச் சுற்றும், சத்தமும் கொஞ்சம் கூடும். பொதுவாக 1500 மீட்டருக்கு மேல் இதை இயக்கச் சொல்கிறார்கள். ஊட்டி 2240 மீட்டர், கொடைக்கானல் 2133, குன்னூர் சுமார் 1850. மூன்றுக்கும் இது தேவை. கூடலூர் சுமார் 1070 மீட்டர்தான், அங்கே தேவையில்லை. இதோடு காற்று வடிகட்டியில் படிந்த சாக்பீஸ் தூளை மாதம் ஒருமுறை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

அடுத்தது பனி ஈரம். இரவெல்லாம் குளிர்ந்த அலமாரியில் கிடந்த புரொஜெக்டரை, நாற்பது பிள்ளைகளின் மூச்சு நிறைந்த வகுப்பில் சட்டென்று திறந்தால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும். படம் மங்கும். பலர் ஃபோகஸைத் திருகிக்கொண்டே இருப்பார்கள், தெளியாது. உள்ளே சர்க்யூட்டில் நீர் படிந்த நிலையில் மின்சாரம் கொடுப்பது அதைவிட ஆபத்து. முதல் மணி அடிக்குமுன் வகுப்புக்குக் கொண்டுவந்து, பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வைத்துவிடுங்கள். பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து இருக்கட்டும்.

ஆடி மாதக் காற்றுக்கு மரம் சாய்ந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பழைய லேம்ப் வகைப் புரொஜெக்டர் ஓடும்போது கரண்ட் போனால் விசிறி நின்று, சூடான லேம்ப் ஆற வழியில்லாமல் ஆயுள் குறையும். 600 விஏ யுபிஎஸ் ஒன்று நடுவில் இருந்தால் முறைப்படி அணைக்கச் சில நிமிடம் கிடைக்கும். பள்ளியில் இன்வெர்ட்டர் இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். புரொஜெக்டர் 250 வாட், லேப்டாப் 65, ஸ்பீக்கர் 10, மொத்தம் 325 வாட். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1800 வாட்-மணி இருக்கிறது. முழுவதையும் உறிஞ்சினால் பேட்டரி சீக்கிரம் சாகும். அறுபது சதவீதம் மட்டும் எடுத்து, இன்வெர்ட்டரில் போகும் இழப்பையும் கழித்தால் சுமார் 900 வாட்-மணி மிஞ்சும். அதாவது இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். குளிரில் பேட்டரியின் கொள்ளளவு குறையும், பழையதென்றால் இன்னும் குறையும். இரண்டு பாடவேளை என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

படத்தின் அளவு: கடைசி பெஞ்ச் திரையிலிருந்து 6 மீட்டர் என்றால் படத்தின் உயரம் 1 மீட்டருக்குக் குறையக் கூடாது. எழுத்து 28 புள்ளிக்குக் குறையக் கூடாது. ஒலியை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. தகரக் கூரையில், கூடலூரை அடுத்த தேவாலா, பந்தலூர் பக்கத்துக் கனமழை இறங்கினால் லேப்டாப் ஸ்பீக்கர் முதல் பெஞ்சுக்கே கேட்காது. அப்படிப்பட்ட நாளுக்கு ஒலியே தேவைப்படாத காட்சியைத் தனியாக எடுத்து வைத்திருங்கள்.

சிக்னல் விஷயத்துக்கு வருவோம். வகுப்பில் நெட் இருக்காது என்றே பாடக்குறிப்பு எழுதுங்கள், இருந்தால் லாபம். பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீட்டைத் திக்ஷா செயலியில் ஸ்கேன் செய்யலாம். குறியீடு கசங்கியிருந்தால் அதன் கீழே அச்சிட்டிருக்கும் ஆறு எழுத்துகளைத் தட்டச்சு செய்தாலும் அதே பாடம் திறக்கும். ஊரில் நெட் கிடைக்கும்போது பதிவிறக்கி, ஏரோப்ளேன் மோடில் போட்டுத் திறந்து பாருங்கள். அப்போதும் திறந்தால்தான் அது உங்கள் கையில் இருக்கிறது. 2023-ல் பள்ளிக் கல்வித் துறை வெளியிட்ட மணற்கேணி செயலியிலும் பாடவாரியாக அசைவூட்டக் காணொளிகள் உண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் தொடங்கிய 'ஃபெட்' பாவனைகள் (திரையிலேயே சோதனையைச் செய்துபார்க்கும் சிமுலேஷன்கள்) அறிவியல் ஆசிரியருக்குப் பெரிய வரம். ஒவ்வொன்றையும் ஒரே கோப்பாக இறக்கிவைத்து நெட் இல்லாமல் பிரவுசரிலேயே ஓட்டலாம். சில தமிழிலும் இருக்கின்றன.

பள்ளியில் டேப்லெட்கள் பத்துப் பன்னிரண்டு இருந்தால் 'கொலிப்ரி' என்ற இலவச மென்பொருளை லேப்டாப்பில் நிறுவி, நெட் இல்லாமலே பாடங்களைப் பகிரலாம். விண்டோஸின் மொபைல் ஹாட்ஸ்பாட்டை இதற்கு நம்ப வேண்டாம். வேறொரு இணைப்பு இல்லாத இடத்தில் அது இயங்க மறுக்கும். இயங்கினாலும் எட்டுக் கருவிகளுக்கு மேல் ஏற்காது. ஒரு சாதாரண வைஃபை ரவுட்டர் போதும், அதற்கு நெட் இணைப்பே வேண்டாம். இன்னொரு சிக்கலும் வரும்: 'இந்த வைஃபையில் இணையம் இல்லை' என்று ஆண்ட்ராய்டு தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், பக்கம் திறக்காது. சிம் போட்ட கருவிகளில் டேட்டாவை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

தமிழ் எழுத்துரு பற்றி ஒரு வார்த்தை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் செய்த ஸ்லைடு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். பிள்ளைகள் முன்னால் இது நடந்தால் பாடமே போச்சு. எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில், தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்யப் பழகுங்கள், இரண்டு வாரத்தில் கை வந்துவிடும். முடித்ததும் பிடிஎஃப் ஆகவும் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

இனி, இந்த மலைக்கே உரிய ஒரு பாடத்தை விரிவாகச் சொல்கிறேன். திரைக்கும் கைக்கும் இடையே வேலையை எப்படிப் பிரிப்பது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று காணொளி சொல்லும். ஊட்டியில் கொதிக்காது. ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை 1 டிகிரி இறங்கும். ஊட்டியில் 92, 93-ல் கொதித்துவிடும். குன்னூரில் 94-ஐ ஒட்டி, கூடலூரில் 96, 97. காணொளியை மட்டும் போட்டுவிட்டுப் போனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊரைப் பற்றியே தவறாகச் சொல்லிக் கொடுத்ததாகும்.

தேவை: கம்பி முனையுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர், 250 மில்லி பீக்கர், அடுப்பு, யுஎஸ்பி வெப்கேம். வெப்கேமைத் தெர்மாமீட்டரின் எண்ணுக்கு நேராக நிறுத்தி லேப்டாப் வழியாகத் திரையில் காட்டுங்கள். இங்கே தொழில்நுட்பத்தின் வேலை அவ்வளவுதான்: நாற்பது பேரும் ஒரே எண்ணை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். வெப்கேம் ஆவிக்கு மேலே இருந்தால் மங்கும், பக்கவாட்டில் வையுங்கள். முதலில் தூளாக்கிய ஐஸ்கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் கலந்து முனையை அதில் வைக்கவும். பூஜ்யம் காட்ட வேண்டும். ஐஸ் உருகும் வெப்பநிலை உயரத்தால் மாறுவதில்லை என்றே சொல்லலாம். இதைச் செய்யாவிட்டால், பிறகு 93 வரும்போது 'மிஷின் ரிப்பேர் சார்' என்று ஒரு குரல் வரும். அது நியாயமான சந்தேகம், முன்பே பதில் சொல்லிவிடுங்கள்.

பிறகு பீக்கரில் 150 மில்லி தண்ணீர். எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதட்டும். முனை பீக்கரின் அடியைத் தொடக் கூடாது, தொட்டால் கூடுதலாகக் காட்டும். 60, 70-லேயே குமிழி வரும். அது தண்ணீரில் கரைந்திருந்த காற்று. கொதித்துவிட்டது என்று கத்துவார்கள், பொறுங்கள். தளதளவென்று கொதித்து, எண் இரண்டு நிமிடம் நகராமல் நிற்பதுதான் கொதிநிலை. அந்த எண்ணைக் கரும்பலகையில் பெரிதாக எழுதுங்கள். ஏன் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். வீட்டில் பருப்பு வேக எத்தனை விசில் வைக்கிறார்கள், குக்கர் இல்லாத காலத்தில் பாட்டி என்ன செய்தார் என்று கேளுங்கள். கோயம்புத்தூரிலிருந்து வாங்கிவந்த சிப்ஸ் பாக்கெட் மலை ஏறும்போது உப்பியதைக் கேளுங்கள். அதற்குப் பிறகுதான் ஃபெட்டில் 'பொருளின் நிலைகள்' பாவனையைத் திறக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறை அப்போதுதான் காட்ட வேண்டியிருக்கிறது. பாரோமீட்டர் உணரி உள்ள போன் யாரிடமாவது இருந்தால், ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஃபைஃபாக்ஸ்' செயலியில் காற்றழுத்தத்தைப் பார்க்கலாம். கடல்மட்டத்தில் 1013 ஹெக்டோபாஸ்கல், ஊட்டியில் 780-ஐ ஒட்டி இருக்கும். எல்லாப் போனிலும் அந்த உணரி இருக்காது, வகுப்புக்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

கணக்கு, புவியியல் எடுப்பவர்களுக்கு ஊட்டி அருகே முத்தோரை ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 1970-ல் முடிந்தது, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அது நிற்கும் சரிவின் சாய்வு சுமார் 11 டிகிரி, ஊட்டியின் அட்சரேகையும் அதே அளவு. அதனால் அதன் நீண்ட அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைகிறது, ஒரே அச்சில் சுழன்று வானப் பொருளைத் தொடர முடிகிறது. செயற்கைக்கோள் படத்தை முன்பே சேமித்து வைத்து, அதன் அளவுகோலை வைத்து நீளத்தைப் பிள்ளைகளே அளக்கட்டும்.

மொழியை மறக்காதீர்கள். உங்கள் வகுப்பில் படகர், பணியர், இருளர், குறும்பர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கலாம். மலையாளமோ இந்தியோ பேசும் வீட்டிலிருந்தும் வரலாம். பழனி மலையில் பளியர் பிள்ளைகள் இருப்பார்கள். காணொளியின் புத்தகத் தமிழ் அவர்கள் காதில் வேகமாக ஓடிவிடும். முதல்முறை ஒலியை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். பார்த்ததை அவர்கள் பேச்சிலேயே சொல்லட்டும். அந்தச் சொற்களைப் பலகையில் எழுதி, பக்கத்தில் பாடநூல் சொல்லை எழுதுங்கள். பிறகு ஒலியோடு ஒருமுறை. மூன்று நிமிடக் காணொளிக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும், ஆகட்டும். பிள்ளைகள் பேசுவதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பெற்றோர் சம்மதமில்லாமல் எதையும் வெளியே அனுப்பக் கூடாது.

பயிற்சி தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, வழிகாட்டி ஆசிரியரிடம் அனுமதி கேட்டு ஒரு மாலை பள்ளிக்குப் போய்வாருங்கள். பிளக் பாயின்ட் எங்கே, திரையிலிருந்து எத்தனை மீட்டர், எர்த் இருக்கிறதா, எந்த ஜன்னலில் வெயில் விழுகிறது, ஹை-டெக் லேப் சாவி யாரிடம், புரொஜெக்டரில் விஜிஏ கேபிள் செருகும் துளை மட்டுமா எச்டிஎம்ஐயும் உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். எர்த் இல்லாத பிளக்கில் கேபிளின் உலோக முனை சுருக்கென்று அடிக்கும். எல்லாக் கேபிளையும் செருகிய பிறகே ஸ்விட்சைப் போடுங்கள். ஐந்து மீட்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, பாடம் இருக்கும் பென்டிரைவ் இரண்டு உங்கள் பையிலேயே இருக்கட்டும். அதே பாடத்துக்கான சார்ட் ஒன்றையும் சுருட்டி எடுத்துப் போங்கள். தோழி ஒருவரைக் கடிகாரத்தோடு உட்காரவைத்து, பையைத் திறப்பதிலிருந்து படம் தெரிவதுவரை செய்து பாருங்கள். நான்கு நிமிடத்துக்குள் முடியும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.