பேருந்தில் போகும்போது கைப்பேசி அழைப்பு ஏன் துண்டிக்கப்படுவதில்லை? அதுதான் ரோமிங்கா?

கடலூரில் பேசத் தொடங்கியவர் முள்ளோடை எல்லையைக் கடந்து புதுச்சேரி சேரும்வரை, வழியில் பல கோபுரங்கள் மாறியும், அதே அழைப்பில் தொடர்ந்து பேச முடிவதற்குக் காரணம் ‘கைமாற்றம்’. அதாவது, நடந்துகொண்டிருக்கும் இணைப்பை ஒரு கோபுரம் அடுத்த கோபுரத்திடம் ஒப்படைப்பது.

ஒவ்வொரு கோபுரத்தின் வீச்சுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆகவே கைப்பேசி, தான் இணைந்துள்ள கோபுரத்தின் சிக்னலோடு அண்டைக் கோபுரங்களின் சிக்னலையும் அளந்து வலையமைப்புக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கிறது. எப்போது மாறுவது என்று முடிவெடுப்பது பெரும்பாலும் கைப்பேசியன்று, வலையமைப்பே. மாறுவதற்கு முன்பே பழைய கோபுரம், எந்தச் சேவை நடக்கிறது, உரையாடலைக் காக்கும் மறையாக்கச் சாவி எது என்பன போன்ற விவரங்களைப் புதிய கோபுரத்துக்கு அனுப்பி, அங்கே இடம் உறுதியான பிறகே கைப்பேசியை மாறச் சொல்கிறது. இரவுப்பணிச் செவிலியர், காலையில் வருபவரிடம் நோயாளியின் கேஸ் ஷீட்டை விளக்கி ஒப்படைத்த பின்னரே வீட்டுக்குக் கிளம்புவதைப் போன்றது இது. (ஒப்படைப்புக்குள் சிக்னல் மங்கிவிட்டால் அழைப்பு அறுந்துவிடுவதும் உண்டு.)

ரோமிங் என்பது வேறு: நம் சிம்முக்குரிய சொந்த வலையமைப்பின் பகுதியை விட்டு, வேறொரு (வெளி) வலையமைப்பில் இணைவது அது. அதில், வெளி வலையமைப்பு நம் சிம்மின் அடையாளத்தைச் சொந்த வலையமைப்பிடம் கேட்டுச் சரிபார்க்கிறது, சொந்த வலையமைப்பும் நாம் இருக்கும் இடத்தைப் பதிந்துகொண்டு அழைப்புகளை அங்கே திருப்பிவிடுகிறது.

புதுச்சேரி தனி ஒன்றியப் பிரதேசம் என்பதால் அங்கே நுழைந்ததும் ரோமிங் தொடங்கிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் தொலைத்தொடர்புக் கணக்கில் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாடு வட்டத்திலேயே (‘வட்டம்’ என்பது இங்கே தொலைத்தொடர்புச் சேவைக்கான பகுதிப் பிரிவு) அடங்கும், மாஹே கேரள வட்டத்திலும் ஏனாம் ஆந்திர வட்டத்திலும் உள்ளன.