தலைகீழ்க் கெளுத்தி: வாங்கும்போது வயிற்றைப் பாருங்கள்

கேள்வி: தலைகீழாக நீந்தும் கெளுத்தி என்று இரண்டு மீன் வாங்கினேன். பகல் முழுக்க மரக்கட்டைக்கு அடியிலேயே கிடக்கின்றன, தீனிக்கும் வருவதில்லை. நோய் மீனைக் கொடுத்துவிட்டார்களா? பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். காங்கோ ஆற்றுப் படுகையிலிருந்து வந்த இந்த மீன் இரவில் இரை தேடுவது. பகலில் கட்டையின் அடிப்புறத்தில் வயிற்றை ஒட்டிக்கொண்டு, மீசை மட்டும் அசைய, மல்லாந்து கிடப்பதுதான் அதன் ஓய்வு. வயிறு ஒட்டிப்போயிருந்தாலோ, மீசை தேய்ந்திருந்தாலோ, செவுள் வேகமாக அடித்தாலோதான் கடைக்காரரிடம் போக வேண்டும்.

தவறு பெரும்பாலும் தீனி போடும் நேரத்தில் இருக்கிறது. பகலில் போட்டால் மற்ற மீன்களே தின்று தீர்த்துவிடும். விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்து, மூழ்கும் பெல்லட்டை (குருணைத் தீனி) மீனுக்கு இரண்டு மூன்று வீதம் போடுங்கள். வாரம் இருமுறை உறைந்த ப்ளட்வார்ம் (சிவப்புப் புழு) கொடுக்கலாம். காலையில் மிச்சம் கிடந்தால் எடுத்துவிட்டு மறுநாள் அளவைக் குறையுங்கள், அழுகினால் தண்ணீர் கெட்டுவிடும்.

இரண்டு மட்டும் வைத்தால் இன்னும் ஒளியும். குறைந்தது நான்கு மீன் இருக்கட்டும். 3 அடி நீளத் தொட்டி, சுமார் 100 லிட்டர் தண்ணீர், 24 முதல் 26 டிகிரி வெப்பம், அடியில் கூர்முனை இல்லாத மெல்லிய மணல், ஆளுக்கொரு மறைவிடம். இவ்வளவும் இருந்தால் அந்தி மங்கியதும் தானே வெளியே வரும்.

கேள்வி: இதே பெயரில் வாங்கிய என் மீன் அரை அடியைத் தாண்டிவிட்டதே?

பதில்: உங்களுக்குக் கிடைத்தது வேறு இனம். உண்மையான தலைகீழ்க் கெளுத்தி 4 அங்குலத்தோடு நின்றுவிடும். அதன் உறவான இறகுத்துடுப்புக் கெளுத்தியும் குட்டியில் புள்ளி புள்ளியாக ஏறக்குறைய இப்படியே இருக்கும், சில நேரம் தலைகீழாகவும் நீந்தும், ஆனால் 8 அங்குலத்தையும் தாண்டும். கலப்பினங்களும் கடைக்கு வருகின்றன.

வயிற்றைப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். மற்ற மீன்களுக்கு முதுகு கருத்து வயிறு வெளுத்திருக்கும். இது மல்லாந்து நீந்துவதால் வெளிச்சம் வயிற்றில்தான் விழுகிறது, அதனால் வயிறுதான் முதுகைவிடக் கருப்பு. வெளுத்த வயிறென்றால் வாங்காதீர்கள். குஞ்சு நிமிர்ந்து நீந்துகிறதே என்று மட்டும் ஒதுக்கிவிட வேண்டாம், முதல் இரண்டு மாதம் அப்படித்தான் நீந்தும்.

வலையில் பிடிக்க விடாதீர்கள். துடுப்பு முள் வலையில் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும். இழுத்தால் முள் முறியும், வலையைத்தான் வெட்ட வேண்டும். பிளாஸ்டிக் டப்பாவில் மொண்டு எடுக்கச் சொல்லுங்கள். முள் பையையும் குத்தும் என்பதால் இரட்டைப் பையில் கட்டித்தரச் சொல்லி வாங்குங்கள்.