தொல்லியலுக்குக் கணினி: எதில் தொடங்குவது?

கேள்வி: வரலாறு படித்துவிட்டுத் தொல்லியல் முதுகலையில் சேர்ந்திருக்கிறேன். கணினி தெரியாமல் இனிக் காலம் தள்ள முடியாது என்கிறார்கள். பைத்தான், வரைபட மென்பொருள், முப்பரிமாணப் படம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை முதலில் கற்பது? சாதாரண மடிக்கணினி போதுமா?

பதில்: மூன்றும் கொஞ்சம் பொறுக்கட்டும். முதலில் ஒழுங்காக அட்டவணை போடப் பழகுங்கள். எக்செல்தான் தெரியுமே என்பீர்கள். அகழாய்வுத் தரவுக்கு அது மட்டும் போதாது. ஒரு வரிசையில் ஒரு பொருள், ஒரு பத்தியில் ஒரே வகைத் தகவல் என்று இருக்க வேண்டும். 'பானை விளிம்புத் துண்டு 12, சிவப்பு, தேய்ந்தது' என எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் அடைத்துவிட்டால், பிறகு நிறம்வாரியாக எண்ணுவது பெரும்பாடு. மண்ணடுக்கு எண்ணை '3-5' என்று தட்டினால் எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும். அந்தப் பத்தியை முன்பே உரை வடிவத்தில் வையுங்கள். இன்னொன்று, பலர் கவனிக்காதது: மண்ணைச் சலித்தும் பாசிமணி கிடைக்காதது வேறு, சலிக்கவே இல்லை என்பது வேறு. இரண்டுக்கும் பூஜ்யம் போட்டால் பின்னால் வரும் கணக்கெல்லாம் பொய். சலித்ததா இல்லையா என்பதற்குத் தனிப் பத்தி வேண்டும்.

அப்புறம் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள். இலவசம், தொடக்கநிலை வேலைகளுக்கு 8 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினி தாங்கும். இதில் பொத்தான்களைவிட, இடத்தை எண்களால் குறிக்கும் ஆயத்தொலைவு முறைதான் ஆளைத் தடுமாற வைக்கும். ஜிபிஎஸ் கருவி பெரும்பாலும் பாகையில் இடத்தைக் காட்டும். குழிகளுக்கு இடையே தூரம் அளக்க மீட்டர்தான் வசதி. மீட்டரில் இடத்தைக் குறிக்கும் யுடிஎம் முறை உலகை 6 பாகை அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரிக்கிறது. எந்த மண்டலம், எந்த அரைக்கோளம் என்று குறிக்காமல் விட்ட புள்ளியை வைத்துக்கொண்டு இன்னொருவர் திண்டாடத்தான் வேண்டும்.

நிரல் எழுத ஆசையென்றால் நான் சொல்வது ஆர் மொழி. புள்ளியியல் வேலைக்கென்றே பிறந்தது அது. பைத்தான் பிறகு வரட்டும். கரிமக் காலக்கணிப்புக்கு ஆக்ஸ்கால் என்ற மென்பொருள் பழகினால் போதும். ஆய்வகம் தரும் எண் 1950-இலிருந்து பின்னோக்கிச் சொல்லப்படுவது. அதை அப்படியே ஆண்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வட அரைக்கோள நிலப்பகுதி மாதிரி என்றால் இன்ட்கால்20 என்ற அளவுத்திருத்த வளைவோடு பொருத்தித்தான் நாட்காட்டி ஆண்டுக்கு வர வேண்டும். அப்போதும் கிடைப்பது ஒரு கால வரம்புதான், ஒற்றை ஆண்டு அல்ல.

பல கோணங்களில் எடுத்த படங்களைக் கோத்து உருவாக்கும் முப்பரிமாணப் படம் கண்ணைப் பறிக்கும். அதனாலேயே கடைசிக்குத் தள்ளுகிறேன். கூடுதல் நினைவகமும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் இதற்குத்தான் தேவை. படமெடுக்கும்போது அளவுகோல் வைக்க மறந்தால் உருவம் வரும், அளவு வராது.

பயிற்சிக்குச் சொந்தத் தரவு வேண்டுமென்று காத்திருக்க வேண்டாம். ஓப்பன் கான்டெக்ஸ்ட் தளத்தில் உண்மையான அகழாய்வுகளின் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு தொகுப்பை இறக்கி, அதில் எந்தக் குழியில் என்ன கிடைத்தது என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.