மணிக்கட்டைப் பார்த்தீர்களா?

மும்பை மைதானங்களில் முப்பது வருஷம் விக்கெட் கீப்பராக நின்றவர், வங்கி வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது மாட்டுங்காவில் பையன்களுக்குக் கீப்பிங் சொல்லித்தருகிறார். இந்த வாரம் வாசகர் கேள்விகளுக்கு அவருடைய பதில்கள்.

கேள்வி: ஆட்டக்காரர்கள் பந்து எங்கே வரும் என்று முன்பே கண்டுபிடித்துவிடுகிறார்கள். எனக்கோ ஆபீசில் எல்லாமே திடீரென்றுதான் தலையில் விழுகிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதிகாரி ஒரு வேலையைத் தூக்கிப் போடுவார், நான் திருதிருவென்று விழிப்பேன். இந்த வித்தையைப் பழக முடியுமா? — ஒரு வாசகர், டோம்பிவிலி

பதில்: பழகலாம் சார். பாதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து 20 மீட்டர் பிட்சைக் கடக்க அரை நொடி போதும். முழுக்கப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று நின்றால் ஸ்டம்ப் பறந்துவிடும். மைக்கேல் லாண்ட், பீட்டர் மக்லியாட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பேட்ஸ்மேன்கள் தலையில் கேமரா மாட்டி, கண் எங்கே போகிறது என்று பார்த்து 2000-இல் எழுதினார்கள். பந்து கிளம்பும் கணத்தைப் பார்க்கிறார்கள். உடனே அதை விட்டுவிட்டு, அது குத்தப்போகிற இடத்துக்குக் கண் தாவிப் போய்க் காத்திருக்கிறது. நல்ல ஆட்டக்காரரின் கண் இன்னும் சீக்கிரம் தாவுகிறது.

எனக்கு இது அடிபட்டுத்தான் தெரிந்தது. எங்கள் ஊர் காங்கா லீக் கிரிக்கெட் மழைக்காலத்தில்தான் நடக்கும், 1948-இலிருந்து அப்படித்தான். ஈரப் பிட்ச். எங்கள் லெக் ஸ்பின்னர் போடுகிறார், ஒரே மத்தியானத்தில் நான் மூன்று ஸ்டம்பிங்கைக் கோட்டைவிட்டேன். நான்காவது பந்து முழங்காலில் பட்டு பவுண்டரிக்கே போய்விட்டது. டீ இடைவேளையில் அம்பயராக நின்ற பெரியவர் மராட்டியில் கேட்டார்: "பந்தை எப்போதிலிருந்து பார்க்கிறாய்?" "கையை விட்டதும்" என்றேன். "அப்போ லேட்டு" என்று சொல்லிவிட்டு வடாபாவைக் கடித்தார். அவ்வளவுதான் அவர் நடத்திய வகுப்பு.

அடுத்த ஞாயிறிலிருந்து மணிக்கட்டைப் பார்த்தேன். பந்தை விடும்போது புறங்கை நம் பக்கம் தெரிந்தால் கூக்ளி, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் பந்து. சொல்ல ஒரு வரி, பிடிபட ஒரு சீசன் முழுக்க ஆனது. அதுவும், ஒவ்வொரு பந்துக்கும் மனசுக்குள் 'இது கூக்ளி' என்று முதலில் சொல்லிப் பார்த்து, சரியா தப்பா என்று அங்கேயே கணக்குத் தீர்த்ததால்.

இப்போது உங்கள் பாதி. தாதரில் ஃபாஸ்ட் லோக்கல் ஏறுகிறீர்கள், சீட்டில்லை. யார் முன்னால் போய் நிற்பீர்கள்? தலைக்கு மேல் பலகையில் இருக்கும் பையைப் பார்த்தவர், செருப்பைக் காலால் தேடுபவர், இயர்போனைச் சுருட்டுபவர். அவர் காட்கோப்பரில் இறங்குவார். "எங்கே இறங்கறீங்க?" என்று கேட்பதற்குள் உங்கள் கால் அங்கே போய்விட்டது. இதை எந்தப் பயிற்சியாளரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை. தினமும் ரயில், உடனே விடை: சீட்டு கிடைத்தது, அல்லது தானே ஸ்டேஷன் வரை நின்றீர்கள்.

மேலதிகாரிக்கும் ஒரு மணிக்கட்டு இருக்கும். அடுத்த நான்கைந்து வெள்ளிக்கிழமை, ஆறு மணியை விட்டுவிட்டு நாலு மணியைக் கவனியுங்கள். தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்ததா, இரண்டாவது டீக்குத் தனியாகப் போனாரா, "அந்த ஃபைல் யார்கிட்ட இருக்கு?" என்று சும்மா கேட்பது போலக் கேட்டாரா? 'இன்றைக்கு வரும்', 'வராது' என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, ஆறு மணிக்குச் சரிபாருங்கள். எழுதாவிட்டால், 'நான் நினைச்சேன்' என்று மனசு அப்புறம் பொய் சொல்லும்.

கேள்வி: என் மகன் பேட்டிங்கில் புலி. இந்தக் கூர்மை பத்தாம் வகுப்புக் கணக்கிலும் வருமா? — ஒரு தாய், முலுண்ட்

பதில்: வராதம்மா. மன்னிக்கவும். 2004-இல் ஜென்னி ஃபின்ச் என்ற பெண் சாஃப்ட்பால் வீசினார். பேஸ்பாலில் பெரிய பெரிய அடிக்காரர்களால், ஆல்பர்ட் பூஹோல்ஸ் உட்பட, தொடக்கூட முடியவில்லை. கை கீழிருந்து வந்தது, தூரம் குறைவு; அவர்கள் பல வருஷம் படித்த தோள் அங்கே இல்லை. பக்கத்து வீட்டு ஆட்டத்துக்கே போகாத கூர்மை கணக்குக்கு எப்படிப் போகும்? பழைய வினாத்தாள்களைக் கொடுங்கள். கணக்குக்கு மணிக்கட்டு அதில்தான் இருக்கிறது.

கேள்வி: என் கணவர் ஊரில் தம்பிக்குப் பணம் அனுப்பிவிட்டு மறைக்கும்போதெல்லாம் சட்டையின் இரண்டாவது பட்டனைத் திருகுவார். கண்டுபிடித்துவிட்டேன். கேட்டுவிடவா? — ஒரு வாசகி, செம்பூர்

பதில்: பிரமாதம்! ஆனால் கொஞ்சம் பொறுங்கள். டென்னிஸில் ஆந்த்ரே அகாஸி முதல் மூன்று ஆட்டமும் போரிஸ் பெக்கரிடம் தோற்றார். அப்புறம் பதிவுகளைப் போட்டுப் பார்த்ததில், சர்வீஸ் போடும் முன் பெக்கர் நாக்கை நீட்டுவதும், அது திரும்பும் பக்கம் பந்து போவதும் பிடிபட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அதைவிடக் கஷ்டம், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதுதானாம். முக்கியமான புள்ளிகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டார். நீங்கள் பட்டனைச் சொன்ன மறுநாள் அவர் டீ-சர்ட் போட ஆரம்பித்துவிடுவார். சின்னத் தொகைகளை விட்டுவிடுங்கள். (தம்பிக்குத்தானே அனுப்புகிறார்?)

கேள்வி: கம்பெனியில் ஆள் குறைப்பு என்று இரண்டு மாதமாகப் பேச்சு. முந்திக்கொண்டு நானே ராஜினாமா செய்துவிடட்டுமா? — ஒரு இளைஞர், தாராவி

பதில்: கொஞ்சம் நில்லுங்கள் தம்பி. கால்பந்தில் 286 பெனால்டி கிக்குகளை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007-இல் வந்தது. கோல்கீப்பர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று தடவைக்கு மேல் ஏதாவது ஒரு பக்கம் பாய்ந்தார்கள். நடுவில் நின்றிருந்தால் இன்னும் அதிகம் தடுத்திருக்கலாம். ஆனால் நின்று கோல் வாங்கினால் 'சும்மா நின்றான்' என்பார்கள், அந்தக் கூச்சம்.

நானும் பாய்ந்தவன்தான். 2000 கடைசியில் வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. எங்கள் கிளையை மூடப்போவதாக கேன்டீனில் ஒருவர் சொன்னார். மறுநாளே எழுதிக் கொடுத்தேன். கிளை இன்னும் அதே தெருவில் இருக்கிறது, போர்டை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பிள்ளைகள் படிப்புக்கு நான் பட்ட பாடு தனிக்கதை. கேன்டீன் பேச்சு மணிக்கட்டு ஆகாது தம்பி, அது கூட்டத்தின் கூச்சல். சம்பளம் தள்ளிப் போகிறதா, காலியான இடத்துக்கு ஆள் எடுக்கிறார்களா என்று பாருங்கள். அதுவரை நிற்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்று அர்த்தமில்லை. கீப்பர் முழங்காலை மடித்து, எடையை முன்பாதத்தில் வைத்துத்தான் நிற்பான். பயோடேட்டாவைப் புதுப்பியுங்கள், நாலு பேரிடம் பேசி வையுங்கள், மூன்று மாதச் செலவை ஒதுக்குங்கள். ராஜினாமா கடிதத்தை மட்டும் எழுதாதீர்கள்.

கேள்வி: வரப்போவது தெரிந்தும் நீங்கள் கோட்டைவிட்டதுண்டா? — ஒரு வாசகி, மாட்டுங்கா

பதில்: முந்தாநாள் காலை. பால் பொங்குவதற்கு முன் சத்தம் மாறும், 'உஸ்' என்பது அடங்கிக் கொஞ்சம் கனக்கும். கேட்டது. 'இன்னும் பத்து நொடி இருக்கு' என்று பேப்பரின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அடுப்பு மேடையை நான்தான் துடைத்தேன். வீட்டுக்காரம்மா கூடத்திலிருந்தே "அம்பயர் அப்பவே சொன்னாரே" என்றாள்.