காற்றும் கூழும்: ஒரு வீட்டுக் காப்பகத்தின் ஆகஸ்ட் மாதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். டர்பனை அடுத்த பீனிக்ஸில் என் வீட்டிலேயே ஐந்து பிள்ளைகளைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்கிறேன். மூத்தவனுக்கு நான்கு வயது, இளையவளுக்கு ஒன்றரை. இணையத்தில் கிடைக்கும் மாத அட்டவணையை அச்சிட்டு, நாளுக்கு மூன்று நடவடிக்கைகள் என்று சுவரில் ஒட்டுகிறேன். பத்தாம் தேதிக்குள் எல்லாம் குலைந்துவிடுகிறது. பெற்றோரோ எழுத்து எப்போது கற்றுத் தருவீர்கள் என்கிறார்கள். ஆகஸ்ட் மாதத்தை எப்படித் திட்டமிடுவது? மேலும் இரண்டு பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாமா?

ஒரு வாசகி, பீனிக்ஸ்

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். நம் தென்னாப்பிரிக்காவின் 2005ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டப்படி, கட்டணம் பெற்று ஆறு பேருக்கு மேல் பார்த்துக்கொள்ளும் இடம் பதிவு செய்யப்பட வேண்டும். ஆகவே ஆறாவது பிள்ளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அல்லது ஏழாவது பிள்ளை வருமுன் பதிவு செய்யுங்கள். அந்தப் பொறுப்பு 2022 ஏப்ரல் முதல் சமூக மேம்பாட்டுத் துறையிடமிருந்து அடிப்படைக் கல்வித் துறைக்கு மாறிவிட்டது என்பதால், பழைய அலுவலக வாசலில் காத்திருக்க வேண்டாம்.

உங்கள் அட்டவணை குலைவதில் எனக்கு வியப்பில்லை. இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகளில் பெரும்பாலானவை வடகோளத்து நாடுகளுக்காக எழுதப்பட்டவை. டிசம்பரில் பனிமனிதனையும் அக்டோபரில் உதிர்ந்த இலைகளையும் ஒட்டச் சொல்பவை. டிசம்பர் என்றால் மாம்பழமும் லிச்சியும் மழையும் என்று அறிந்த பிள்ளைக்குப் பஞ்சை ஒட்டிப் பனி என்று காட்டுவதால் என்ன பயன்? அதைவிடப் பெரிய குறை எண்ணிக்கையில் இருக்கிறது. நாளுக்கு மூன்று என்றால் மாதத்துக்கு அறுபதுக்கு மேல் வருகிறது. நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஐந்தாறு போதும், அவையும் திரும்பத் திரும்ப வர வேண்டும். முதல் நாள் மாவை வாரி இறைக்கும் பிள்ளை மூன்றாம் நாள் கரண்டியைத் தேடும், அடுத்த வாரம் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பப் பார்க்கும். திங்களன்று தந்ததைச் செவ்வாயன்று மாற்றிவிட்டால் அந்த இரண்டாம் படியும் மூன்றாம் படியும் நிகழவே நிகழா.

ஆகஸ்டில் நமக்கு இயல்பாகவே கிடைப்பவை இரண்டு. மாதத்தின் முற்பாதி ஆடி. பல தமிழ் வீடுகளில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சும் காலம். அந்த இரண்டு வாரங்களுக்கு மீலி மாவு (மக்காச்சோள மாவு), இரண்டு அளவுக் கோப்பைகள், ஒரு பெரிய பாத்திரம் ஆகியவற்றைத் தவிர வேறெதையும் வாங்க வேண்டியதில்லை. மூத்தவன் அளந்து எண்ணட்டும். தமிழில் எண்ணிய பிறகு, சூலு பேசும் பிள்ளை இருந்தால் அந்த மொழியிலும் எண்ணலாம். இடைப்பட்ட வயதுப் பிள்ளைகள் ஊற்றிக் கலக்கட்டும், இளையவள் கையை மாவில் புதைத்துக்கொண்டிருந்தாலே அது அவளுக்குப் பாடம். வேறு சமயத்துப் பிள்ளைகள் இருந்தால் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பூசை இல்லாமலும் மாவை அளக்கலாம். பிற்பாதியில் ஆகஸ்ட் காற்று இருக்கிறது: துணிக் கீற்றுகளைக் குச்சியில் கட்டி முற்றத்தில் ஓடவிடுங்கள், எது பறக்கும் எது விழும் என்று சோதிக்கவிடுங்கள். பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம், இளையவள் அதை முகத்தில் போட்டுக்கொள்வாள். பாசிமணி, பயறு போன்ற சிறு பொருள்களை அவள் உறங்கும் நேரத்தில் மட்டும் வெளியே எடுங்கள்.

ஆகஸ்ட் 9 மகளிர் நாள், பொது விடுமுறை. 1956இல் பெண்கள் பிரிட்டோரியாவுக்கு அணிவகுத்துச் சென்ற வரலாறு இந்த வயதுக்குப் பெரிது. அந்த வாரத்தில் யாராவது ஒரு பாட்டியை அழைத்து ஒரு கதை சொல்லச் சொன்னால் போதும்.

எழுத்தைக் கேட்கும் பெற்றோருக்குப் பயிற்சித் தாளைக் கொடுத்துச் சமாளிக்காதீர்கள். பென்சில் பிடிப்பதற்கு முன் விரல்களுக்கு வலு வேண்டும். ரொட்டி மாவு பிசைவதும், காகிதம் கிழிப்பதும், துணிக் கிளிப்பை அழுத்தித் திறப்பதும் அந்த வலுவைத் தருகின்றன. (கடையில் விற்கும் விளையாட்டு மாவு தேவையே இல்லை, உப்பு மிகுந்த மாவை வீட்டில் செய்வதும் வாயில் போடும் வயதுக்கு நல்லதல்ல.) மாலையில் வாசலில், 'இன்று கோப்பையால் மாவு அளந்தோம், ஐந்து வரை எண்ணினோம்' என்று ஒரே வரி எழுதிவையுங்கள். பெற்றோர் வீட்டில் பிள்ளையிடம் பேசுவதற்கு அதுவே தொடக்கமாக இருக்கும்.

பிறப்பு முதல் நான்கு வயது வரைக்குமான தேசியப் பாடத்திட்டச் சட்டகம் 2015இல் வெளிவந்தது. நலவாழ்வு, அடையாளமும் உறவும், பேச்சு, கணக்கு, படைப்பாற்றல், சுற்றுலகை அறிதல் என்று அது ஆறு பகுதிகளைச் சொல்கிறது. அவற்றை நாள்தோறும் நிரப்ப முயல வேண்டாம். மாதக் கடைசியில் எது விடுபட்டது என்று பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். நான் மேலே சொன்னவற்றில் படைப்பாற்றல் சற்று மெலிந்திருக்கிறது. கீற்றுகளுக்கு வண்ணம் தோய்க்கும் வேலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தயிர் டப்பாக்கள், பழைய துணி, அட்டைப்பெட்டிகள் ஆகியவற்றை ஜூலையிலேயே பெற்றோரிடம் கேட்டுச் சேருங்கள். செப்டம்பர் திட்டத்தை ஆகஸ்ட் கடைசி வாரத்துக்கு முன் எழுதாதீர்கள். பிள்ளைகள் எதை மறுபடி மறுபடி கேட்டார்கள் என்பது அதற்குள் தெரிந்திருக்கும், அதை அப்படியே அடுத்த மாதத்துக்கும் நீட்டிவிடலாம்.