கேடயத்தில் பெலிகன்: கேள்வி பதில்

ஐரோப்பியக் குலச்சின்னங்களில், அதாவது குடும்பங்களும் நிறுவனங்களும் கேடய வடிவில் வரைந்துகொள்ளும் அடையாளங்களில், வரும் பெலிகனை (நம் கூழைக்கடா) பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே. படம் அனுப்புகிறவர்கள் பறவையின் காலடியும் தெரியும்படி எடுத்து அனுப்புங்கள்.

அக்கா, இங்கிலாந்தில் நார்விச் கதீட்ரலில் வேதாகமம் வைத்து வாசிக்கும் பித்தளைப் பீடத்தைப் பார்த்தேன். கழுகு என்று நினைத்தால் பெலிகன் என்கிறார்கள். அலகுக்குக் கீழே பையையே காணோமே?

பெலிகன்தான். அலகை வைத்து முடிவு செய்யாதீர்கள். கழுத்து எப்படி வளைகிறது, காலடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கழுத்தை உள்ளே வளைத்து, சிறகை உயர்த்தி, தன் நெஞ்சைத் தானே குத்திக்கொண்டிருந்தால் அது பெலிகன். கீழே கூடும் வாய் பிளந்த குஞ்சுகளும் இருந்தால் 'பெலிகன் இன் ஹெர் பயட்டி' (பாசத்தோடிருக்கும் பெலிகன்) என்பார்கள். குஞ்சுகள் பெரும்பாலும் மூன்று. கூடு இல்லாமல் குத்திக்கொண்டு மட்டும் நின்றால் 'வல்னிங்' (தன்னைக் காயப்படுத்திக்கொள்வது). வரைந்தவர்கள் பறவையைப் பார்த்து வரையவில்லை, கதையைக் கேட்டு வரைந்தார்கள். அதனால்தான் பை இல்லை.

அது என்ன கதை? பசித்த குஞ்சுகளுக்கு ரத்தம் ஊட்டியதுதானே?

எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் பழைய கதை வேறு, அதைவிடக் கடுமையானது. 'ஃபிசியோலோகஸ்' என்ற பழைய கிரேக்க நூலில், வளர்ந்த குஞ்சுகள் பெற்றோரின் முகத்தில் கொத்துகின்றன. பெற்றோர் திருப்பிக் கொத்த, குஞ்சுகள் செத்துவிடுகின்றன. மூன்றாம் நாள் தாய் தன் விலாவைக் கிழித்து, உடல்கள்மேல் ரத்தத்தைச் சொட்டவிட, அவை உயிர்பெறுகின்றன. இங்கே பசியும் இல்லை, ஊட்டலும் இல்லை. மூன்றாம் நாள், விலா, ரத்தம் என்றதும் கிறிஸ்தவர் எவருக்கும் சிலுவையும் உயிர்த்தெழுதலும் புரிந்துவிடும். செவில் நகரத்து பிஷப் இசிடோர் 7ஆம் நூற்றாண்டில் இதை எழுதும்போதே 'உண்மையானால்' என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்.

கொலை போய் ஊட்டல் வந்தது பிற்பாடுதான். நற்கருணையில் கிறிஸ்துவின் ரத்தத்தைப் பருகுகிறோம் என்ற நம்பிக்கைக்கு ஊட்டும் தாய் அப்படியே பொருந்தினாள். இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸின் நற்கருணைப் பாடலில் இயேசுவையே பெலிகன் என்று அழைக்கும் வரி உண்டு. கேடயங்களில் ஏறியதும் இந்த ஊட்டும் பெலிகன்தான்.

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டிலும் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரிச் சின்னத்தில் பெலிகன் இருக்கிறதே, ஒன்றைப் பார்த்து மற்றொன்றா?

இல்லை. கார்ப்பஸ் கிறிஸ்டி என்றால் கிறிஸ்துவின் உடல், ஆகவே பெலிகன் இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் வந்த வழி வேறு. கேம்பிரிட்ஜ் கல்லூரியை 1352இல் நகரத்துச் சங்கங்கள் இரண்டு சேர்ந்து தொடங்கின. அதன் கேடயம் நான்கு கட்டம்: சிவப்பில் பெலிகன், நீலத்தில் வெள்ளை லில்லி, குறுக்காக மாறி மாறி. பெலிகன் கார்ப்பஸ் கிறிஸ்டி சங்கத்துக்கு, லில்லி கன்னி மரியாள் சங்கத்துக்கு. ஆக்ஸ்ஃபோர்டில் 1517இல் கல்லூரியை நிறுவிய பிஷப் ரிச்சர்ட் ஃபாக்ஸின் சொந்தச் சின்னமே பெலிகன். அங்கே போனால் முற்றத்தில் 1581ஆம் ஆண்டின் சூரியக் கடிகாரத் தூணை அண்ணாந்து பாருங்கள், உச்சியில் பெலிகன் நிற்கிறது.

மேடம், கதை என்று ஒதுக்குவது சரியில்லை. டால்மேஷியன் பெலிகனுக்கு இனப்பெருக்கக் காலத்தில் அலகுப் பை செக்கச் செவேலென்று ஆகும். அதை நெஞ்சில் அழுத்தி நிற்பதை யாரோ பார்த்துச் சொன்னதுதான் இது. பறவை பார்க்கிறவன் சொல்கிறேன்.

மேலே உள்ளவருக்கு: பெலிகனே இல்லை, பூநாரை! குஞ்சுக்கு ஊட்டும் பால் ரத்தம் மாதிரி சிவப்பாக இருப்பது அதற்குத்தான். ஆளை மாற்றிவிட்டார்கள்.

இருவரும் சொல்லும் பறவைச் செய்தி சரி. பூநாரையில் தாய், தந்தை இரண்டும் சிவந்த பால் ஊட்டும். ஆனால் இரண்டு விளக்கமும் பிந்தைய ஊட்டல் கதைக்குத்தான் பொருந்தும். பழைய கதையில் குஞ்சுகள் செத்துக் கிடக்கின்றனவே! சிவந்த பையைப் பார்த்தவருக்குக் கொலையும் மூன்றாம் நாளும் எங்கிருந்து வந்தன? அது வேதப் பொருளிலிருந்து வந்தது என்பதே என் முடிவு. பறவையைப் பார்த்த ஏதோ ஒரு நினைவு முதலிலேயே கலந்திருக்கலாம், அதை மறுக்கவில்லை.

விடமாட்டேன். அப்படியானால் பறவையை நேரில் பார்த்த பிறகாவது படத்தைத் திருத்தியிருக்க வேண்டாமா?

நல்ல கேள்வி. ஆங்கில மருத்துவரும் எழுத்தாளருமான தாமஸ் பிரவுன் 1646இலேயே படம் தவறு என்று எழுதினார். 1664இல் ரஷ்யத் தூதர் பரிசளித்த பெலிகன்கள் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவுக்கே வந்தன. படம் மாறவில்லை, மாறவும் தேவையில்லை. கேடயத்தில் அது தன்னைக் கொடுக்கும் அன்புக்கு அடையாளம். பறவையின் உருவப்படம் அல்ல. பார்படாஸ் சின்னத்தில் கேடயத்தைத் தாங்கி நிற்பது போன்ற நிஜப் பெலிகன்கள் வந்தது பிற்காலத்தில்.

கூர்மையான அலகு, கழுகு மாதிரி இருக்கிறது. பெலிகனா?

முதல் பதில். கழுத்து, காலடி.

இதுவும் கழுகா பாருங்களேன் (படம் இணைப்பு).

பாதிக்கு மேல் வெட்டிய படம். காலடி வேண்டும் என்று முதலிலேயே கேட்டேன்.

அமெரிக்காவில் லூசியானா கொடியில் ரத்தத் துளி உண்டா, இல்லையா?

உண்டு, மூன்று. வரைபவர்கள் ஆளுக்கொரு விதமாகப் போட்டும் விட்டும் வந்ததால் 2006இல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். இதில் மனதை உறுத்தும் செய்தி ஒன்று. கொடியில் பறந்த பழுப்புப் பெலிகன் 1960களில் பூச்சிமருந்துகளால் அந்த மாநிலத்திலேயே கூடு கட்டாமல் அற்றுப்போனது. 1968 முதல் ஃபுளோரிடாவிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டுத்தான் மீட்டார்கள்.

எங்கள் குடும்பப் பெயருக்குப் பெலிகன் சின்னம் தருவதாக ஓர் இணையக் கடை சொல்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். இங்கிலாந்து முறையில் சின்னம் ஆளுக்கும் அவர் வாரிசுக்கும் உரியது, குடும்பப் பெயருக்கு அல்ல. பணம் கொடுத்து ஏமாறாதீர்கள்.

கூந்தன்குளத்தில் சிறகொடிந்த கூழைக்கடா ஒன்று கிடக்கிறது. என்ன செய்வது?

இது என் துறை இல்லை, ஆனால் தாமதிக்காதீர்கள். அங்குள்ள வனத்துறை ஊழியரிடம் உடனே சொல்லுங்கள். நீங்களே தூக்கவோ மீன் திணிக்கவோ வேண்டாம்.